கூறை தொடாத கை

பாரிஸ் லா சப்பலில் புடவைக் கடை வைத்திருக்கிற எவரிடமாவது போய், "சண்டை முடிந்தது நல்லதுதானே?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நிமிடம் பேசாமல் நிற்பார். மனச்சாட்சி உள்ளவர் என்றால் இரண்டு நிமிடம். சண்டைக் காலத்தில் ஊருக்குப் போக வழியில்லை. கலியாணம், சாமத்தியவீடு என்று எது வந்தாலும், பாரிசிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்த தமிழ்ச் சனம் முழுக்கக் கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி, ரூ காய் என்கிற தெருவில்தான் சீலை எடுத்தது. பாதை திறந்ததுதான் தாமதம், பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்கள் எல்லோரும் பிளேன் ஏறிவிட்டார்கள். போகிற வழியில் சென்னையிலும் இறங்கிப் பெட்டி பெட்டியாய்க் கட்டிக்கொண்டு வருகிறார்கள். ரூ காய்க் கடைக்கு அவர்கள் வருவது சீலையை விரித்துப் பார்க்கவும் தடவிப் பார்க்கவும் போனில் படம் பிடிக்கவும்தான். அந்தப் படம் வைபரில் யாழ்ப்பாணம் போய், "இதே சீலை உங்கை என்ன விலை?" என்று கேட்கும். விரித்ததை மடிக்கிற வேலை மட்டும் இங்கே.

தில்லையம்பலத்தின் கடையில் அப்படி மடிக்கிற வேலை துஷாந்திக்கு. மடிப்பது மட்டுமா? சீலையைத் தொட்டுப் பார்த்தே, இது கட்டினால் நிற்குமா சரியுமா என்று சொல்லுவாள். பொம்பிளை கறுப்போ வெள்ளையோ, உயரமோ கட்டையோ என்று ஒரு சொல் சொன்னால் போதும், அலுமாரியில் கையை விட்டு ஒன்றை இழுப்பாள். பிறகு நீங்கள் கடை முழுவதையும் புரட்டினாலும் கடைசியில் அதற்குத்தான் வருவீர்கள். கலியாணக் கூறை விற்பதென்றால் துஷாந்திதான் என்று ஒரு காலத்தில் ரூ காயில் பேர்.

அந்தப் பேரை ஒரே ஒரு கலியாணம் கெடுத்தது. மகேந்திரராசா என்று ஒருவர், ஸ்டாலின்கிராட் மெத்ரோ பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறவர். அவருடைய மகனுக்குக் கூறை எடுக்க வந்தபோது தட்டத்தில் வைத்து நீட்டியது துஷாந்தி. நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி, சிரித்த முகம், வேறென்ன வேண்டும்? வாங்கிக்கொண்டு போனார்கள். ஆறு மாசத்தில் மருமகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். மகன் குடிக்கிறவன் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். ஆனால் மகேந்திரராசாவின் மனைவி அதையா சொல்லுவாள்? கூறை தந்த பெண் யார், புருசன் எங்கே என்று துருவி விசாரித்தாள். விசாரித்ததைக் கோயில் வாசலில் நின்று சொன்னாள்.

"புருசனைக் காணாத பெட்டையாம். இருக்கிறானோ செத்தானோ ஆருக்கும் தெரியாதாம். பொட்டை வைச்சுக்கொண்டு எங்களை ஏமாத்திப் போட்டாள்."

உள்ள கதை இதுதான். துஷாந்திக்கும் கஜனுக்கும் கிளிநொச்சியில் கலியாணம். பிறகு சண்டை மூள, வெளியே வர ஒருத்தருக்குத்தான் வழி கிடைத்தது. தாலிக்கொடியை விற்று, தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டி, "நீ முதல் போ, நான் பின்னாலை வாறன்" என்று கஜன் அவளை அனுப்பி வைத்தான். பின்னால் வரவில்லை. சண்டை முடிந்த 2009 வைகாசியில், வட்டுவாகல் பாலத்தடியில், சரணடைந்தவர்களை ஆமி ஏற்றிய ஒரு பஸ்ஸில் அவன் ஏறியதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

கோயில் வாசல் கதை கடைக்கு வந்து சேர எத்தனை நேரம் பிடிக்கும்? தில்லையம்பலத்தின் மனைவி வள்ளிநாயகி பொல்லாதவள் அல்ல. துஷாந்திக்குக் காய்ச்சல் என்றால் ரசம் வைத்துக்கொண்டு அவள் இருக்கிற லா கூர்நெவ் வரை மெத்ரோவில் போகிறவள். ஆனால் கடையும் பிழைக்க வேண்டுமே. அகதிப் பத்திரத்தோடு இருக்கிற சனம்தான் இப்போது மிச்ச வாடிக்கை. அந்தப் பத்திரத்தோடு உலகமெல்லாம் போகலாம், ஊருக்கு மட்டும் போகக் கூடாது. அவர்களும் வாசலில் நின்று, "கூறையை ஆர் எடுத்துத் தருவினம்?" என்று கேட்டுவிட்டு உள்ளே வரத் தொடங்கினால் என்ன செய்வது?

ஆகவே ஒரு ஏற்பாடு செய்தார்கள். கடைக்குக் கீழே நிலவறை ஒன்று உண்டு, பிரெஞ்சில் காவ். கூறைகள் எல்லாம் அங்கேதான் அடுக்கியிருந்தன. கூறைக்கு ஆட்கள் வந்தால் வள்ளிநாயகி குதிக்காலால் தரையில் தட்டுவாள். துஷாந்தி கீழே இறங்கிவிட வேண்டும். கடையில் வேலை செய்கிற மற்றவள், மரியகொறற்றி, படியடியில் நின்று குரல் கொடுப்பாள்.

"எடி துஷா! அரக்கு வேணுமாம். பெரிய கரை வேண்டாமாம். பொம்பிளை கொஞ்சம் மொத்தமாம்!"

துஷாந்தி தேடி எடுத்து, விரித்து, சரிகையைக் கையால் நீவி, மடித்துக் கொடுப்பாள். மரியகொறற்றி தூக்கிக்கொண்டு மேலே போவாள். மேலே வள்ளிநாயகி தட்டத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, "சுமங்கலிக் கையாலை தாறன்" என்று சிரித்துக்கொண்டு நீட்டுவாள்.

"உதென்ன பகிடி அக்கா?" என்று ஒருநாள் துஷாந்தி மரியகொறற்றியிடம் கேட்டாள். "என்ரை கை பட்டதுதானே மேலை போகுது?"

"சனம் காணேல்லை, அவ்வளவுதான். நான் மாதாவைக் கும்பிட்டுத்தான் தூக்கிறனான், நீ யோசியாதை. எங்கடை வேதக்கார ஆக்களிலையும் உதே கூத்துத்தான், பேர்தான் வேறை."

இரண்டு வருசம் இப்படிப் போனது. கீழே ஜன்னல் இல்லை. பூச்சி உருண்டை மணமும் பட்டு மணமும் சேர்ந்து தலையைப் பிடிக்கும். சாப்பாட்டு வாசம் சீலையில் ஏறிவிடும் என்று புட்டுப் பெட்டியைக் கூடப் பின்முற்றத்துக் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் திறக்க வேண்டும். சுவரில் ஒரு பிள்ளையார் படம், அதற்குக் கீழே சின்ன மின்விளக்கு. பட்டுக்குப் பக்கத்தில் நெருப்பு ஆகாதே. காலையில் அந்தச் சுவிச்சைப் போட்டு, "கஜனைக் காப்பாத்து" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத்தான் வேலை தொடங்குவாள்.

ஆடி மாசம் பிறந்தது. ஆடியில் கூறை எடுக்க ஆர் வருவார்? கடை வெறிச்சென்று கிடந்தது. பக்கத்துக் கடையில் கோயில் தேருக்குத் தேங்காய் மூட்டைகள் வந்து இறங்கின. வள்ளிநாயகி ரோல்சும் தேத்தண்ணியும் வாங்கி வந்து துஷாந்தியை மேலே கூப்பிட்டாள். வள்ளிநாயகியின் மகள் லக்சிகா ஒரு மூலையில் மடிக்கணினியோடு இருந்தாள்.

"துஷா, நான் ஒண்டு சொன்னாக் கோவிக்கமாட்டீரே?"

"சொல்லுங்கோ அக்கா."

"நான் சொல்லேல்லை, சனம்தான் சொல்லுது. வெள்ளையெண்டா வெள்ளை, சிவப்பெண்டா சிவப்பு. நீர் ரெண்டுக்கும் நடுவிலை நிக்கிறீர். அதுதான் சனத்துக்குப் பயம். பொட்டைப் பாத்துத்தானே ஏமாந்தனாங்கள் எண்டு சொல்லுதுகள்."

"அவர் செத்ததை ஆர் அக்கா கண்டது?"

"இருக்கிறதை ஆர் கண்டது? சொல்லும் பாப்பம். ஐஞ்சு வருசம் பிள்ளை. இருந்தா ஒரு கடிதம், ஒரு போன்... உம்மடை அண்ணரும் போனிலை உதைத்தானே சொல்லுறார்? ஐயரைக் கூப்பிட்டு அவருக்கு அந்தியேட்டிக் கிரியையைச் செய்வம். செலவு எங்கடை. பொட்டை எடுத்துப்போட்டீரெண்டா, கூறைப் பக்கம் மட்டும் வராதையும், மற்ற எல்லாம் உம்மடை பொறுப்பு. காசடியிலை கதிரை போட்டு இருத்திறன். சனம் பாவம் எண்டுதான் சொல்லும், ஏமாத்திறாள் எண்டு சொல்லாது. மேலை இரும், நாலு மனிசரைப் பாரும், வெளிச்சத்தைப் பாரும். காவுக்குள்ளை கிடந்து வெளிறிப் போனீர்."

"காவுக்குள்ளை விட்டது நீங்கள்தானே அக்கா."

வள்ளிநாயகிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஓம், நான்தான். இல்லையெண்டு சொன்னனானே?"

"மமோ, சா சுஃபி!" என்று மூலையிலிருந்து லக்சிகா கத்தினாள். போதும் அம்மா, விடு என்றாள். பிறகு பிரெஞ்சில் படபடவென்று ஏதேதோ சொன்னாள். வெட்கம் என்ற சொல் மட்டும் துஷாந்திக்கு விளங்கியது.

"நீ சும்மா இரு. இஞ்சை பிறந்த உனக்கு உது விளங்காது," என்றாள் வள்ளிநாயகி. பிறகு துஷாந்தியின் கையைப் பிடித்தாள். "இப்ப சொல்லவேண்டாம். ஆவணி பிறக்கட்டும். முதல் கூறை விக்கிற அண்டைக்கு ஒரு முடிவு சொல்லும். ஒண்டில் மேலை, ஒண்டில் கீழை. என்னாலையும் இப்பிடி ரெண்டாட்டம் ஆடேலாது பிள்ளை."

ஆடி முழுக்க துஷாந்தி அதே யோசனையில் கிடந்தாள். பொட்டை எடுத்தால் வெளிச்சம். எடுக்காவிட்டால் நிலவறை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். குளிக்கும்போது பொட்டு அழிகிறது, துடைத்து வெளியே வந்ததும் திரும்ப வைக்கிறாள். வைக்காமல் விட்டால் என்ன என்று ஒருநாள் கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்தாள். கஜனைப் பிடித்துத் தள்ளிவிட்டது போல இருந்தது. ஓடிப்போய்க் குங்குமத்தை அள்ளி அப்பிக்கொண்டாள்.

ஆவணி பிறந்த அன்று தூறல். நல்லநேரம் பத்தேகாலுக்கு என்று மாப்பிள்ளை பகுதி ஒன்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தது. வந்தார்கள். வள்ளிநாயகியின் குதிக்கால் தட்டியது. துஷாந்தி இறங்கினாள்.

"எடி, சிவப்பு வேண்டாமாம், அரக்கு! மயில் போட்ட கரை இருந்தாக் காட்டட்டாம். பொம்பிளை மெல்லிசு, நல்ல உயரமாம். வடிவான பெட்டையடி, படம் காட்டினவை!"

துஷாந்திக்கு உடனே தெரிந்துவிட்டது. போன மாசம் வந்த சீலைக்கட்டின் அடியில் கிடந்த ஒன்று. அதை இழுத்தாள், விரித்தாள். மயில்கள் ஒன்றையொன்று பார்த்து நின்றன. முகப்பை நீவி, மடிப்பை அழுத்தி, "நல்லா இரும் பிள்ளை" என்று முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்குச் சொல்லி மேலே அனுப்பினாள். சிறிது நேரத்தில் மரியகொறற்றி படியில் எட்டிப் பார்த்தாள்.

"அதுதான்! வேறை ஒண்டும் பாக்கவும் மாட்டினமாம். நேரம் வரட்டும் எண்டு இருக்கினம்."

காத்திருக்கிற நேரத்தில் வெறும் மட்டைப் பெட்டிகளை வெளியே போடுவோம் என்று துஷாந்தி பின்முற்றத்தால் ரூ காய்க்கு வந்தாள். கடை வாசலில், கூடாரத் துணிக்கு வெளியே, ஒரு அம்மா நின்றாள். கையில் குடை இருந்தது, விரிக்கவில்லை. தூறல் தலையில் விழுந்துகொண்டிருந்தது.

"ஏனம்மா மழைக்குள்ளை நிக்கிறியள்? உள்ளுக்கு வாங்கோவன்."

"இல்லைப் பிள்ளை, நான் இஞ்சை நிக்கிறன். உள்ளுக்கு எங்கடை ஆக்கள் கூறை எடுக்கினம்."

"ஆருக்கம்மா?"

"என்ரை மோனுக்கு."

"மோன்ரை கூறைக்கு நீங்கள் வெளியிலையோ?"

"நான் நிண்டாச் சரிவராது." அந்த அம்மாவின் நெற்றியில் திருநீறு மட்டும் இருந்தது. "நீங்கள் வராட்டி நான் கூறை எடுக்கமாட்டன் எண்டு ஒற்றைக் காலிலை நிண்டவன். அவனுக்காண்டி வந்தனான். வாசல் மட்டும். கண்ணாடிக்குள்ளாலை பாத்தாக் காணும்."

துஷாந்தி குடையை வாங்கி விரித்துப் பிடித்தாள். அந்த அம்மா அப்போதுதான் அவளை வடிவாகப் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள், வகிட்டைப் பார்த்தாள், மஞ்சள் கயிற்றைப் பார்த்தாள்.

"இந்தக் கடையிலையோ வேலை?"

"ஓம் அம்மா."

"எத்தினை பிள்ளையள்?"

"பிள்ளையள் இல்லையம்மா."

"வரும், வரும். என்ன வயசு உமக்கு! மனுசன் நல்லவரோ?"

"நல்லவர் அம்மா." அது பொய்யில்லையே.

"முகத்திலையே தெரியுது." அந்த அம்மா கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு ஒரு உதவி செய்வீரே பிள்ளை? தட்டத்தை அவன்ரை சின்னம்மா வாங்கப்போறா, அது சரி. ஆனா குடுக்கிறது கடைக்காரி. அவ யாவாரத்துக்குக் குடுக்கிறா. நீர் தூக்கிக் குடும். என்ரை கைக்குப் பதிலா ஒரு நல்ல கை எண்டு நான் நினைச்சுக் கொள்ளுவன். செய்வீரே?"

இரண்டு வருசமாக அவளிடம் ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. துஷாந்திக்கு நெஞ்சு நிரம்பிவிட்டது. ஐயோ, இந்த மனுசிக்கு நான் செய்யமாட்டேனா! குடையை அந்த அம்மாவிடம் கொடுத்தாள், ஈரக் கையைச் சட்டையில் துடைத்தாள், முன்கதவில் கையை வைத்தாள். கண்ணாடிக்கு அப்பால் தட்டம் தயாராக இருந்தது. வெற்றிலை, பாக்கு, பூ, மேலே அரக்குக் கூறை. பக்கத்தில் மாப்பிள்ளைப் பெடியன், புதுச் சேட்டோடு, வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். தாயைத் தேடுகிறான்.

வள்ளிநாயகி கண்டுவிட்டாள். கண்ணால், வராதே என்றாள். துஷாந்தியை நிறுத்தியது அதுவல்ல. இந்தப் பெடியனுக்கு நாளைக்கு ஏதும் ஒன்று நடந்தால்? மகேந்திரராசாவின் மனைவியை அவள் திட்டாத திட்டில்லை. ஆனாலும் அந்த மருமகள் பெட்டி கட்டியது என் கையாலேயோ என்று எத்தனை தரம் தன்னையே கேட்டிருக்கிறாள்! சனம் சொன்னதை அவளும் பாதி நம்பித்தான் இருந்தாள். கதவில் வைத்த கை அப்படியே நின்றது. பிறகு இறங்கிற்று.

திரும்பி வந்தாள்.

"அம்மா, உங்களுக்குச் சொல்லாமல் செய்தாப் பிழை. என்ரை மனுசனைக் காணேல்லை. ஐஞ்சு வருசம்."

அந்த அம்மாவின் கை குடைப்பிடியில் இறுகிற்று. "எங்கை?"

"வட்டுவாகல் பாலத்தடியிலை பஸ்ஸிலை ஏறினதைக் கண்டவையாம்."

"என்ன நிற பஸ்?"

"நிறம் சொல்லேல்லையம்மா."

"சிவப்போ? என்ரை மனுசன் ஏறினது சிவப்பு. என்ரை கண்ணுக்கு முன்னாலை கையைக் காட்டிப்போட்டு ஏறினவர். உம்மடை அவருக்கு என்ன பேர்?"

"கஜன்."

அந்த அம்மா கண்ணை மூடி யோசித்தாள். அந்தப் பாலத்தடியில் கேட்ட பேர்களை எல்லாம் ஒவ்வொன்றாய்த் தேடுகிறாள் என்று துஷாந்திக்கு விளங்கியது.

"இல்லைப் பிள்ளை. ஞாபகமில்லை."

ஒரே பாலம், ஒரே நாளாகவும் இருக்கலாம். இனி இந்த மனுசி, அதுக்கென்ன பிள்ளை, நீரே போய்க் குடும் என்று சொல்லுவாள் என்று துஷாந்தி நினைத்தாள். அப்படிச் சொல்ல உலகத்தில் ஒருத்தி உண்டென்றால் அது இவளாகத்தானே இருக்க வேண்டும்?

"அப்ப நீர் தொடவேண்டாம் பிள்ளை," என்றாள் அந்த அம்மா.

துஷாந்தி கடைக் கதவை விட்டு இன்னும் ஒரு அடி விலகி நின்றாள்.

"கோவிக்காதையும். உம்மிலை எனக்கு ஒண்டுமில்லை, ஆண்டவன் அறிய. எனக்கு ஒரே பிள்ளை. இனி ஒருத்தரைத் துலைக்க என்னாலை ஏலாது." அவள் துஷாந்தியின் கையைப் பார்த்தாள். "நீர் ஒண்டும் தொடேல்லைத்தானே?"

முகப்பை நீவிய விரல்களைத் துஷாந்தி உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

"இல்லையம்மா. நான் தொடேல்லை."

உள்ளே நல்லநேரம் வந்துவிட்டது. வள்ளிநாயகி தட்டத்தைத் தூக்கினாள். சின்னம்மா முந்தானையை இழுத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கினாள். பெடியன் வாசலைப் பார்த்துச் சிரித்தான். அந்த அம்மா வெளியே நின்று கையைக் கூப்பினாள், துஷாந்தியும் கூப்பினாள். தெருவால் போன ஒரு வெள்ளைக்காரன் இரண்டு பெண்கள் புடவைக் கடையைக் கும்பிடுவதைப் பார்த்துக்கொண்டு போனான்.

"வடிவான சீலை," என்றாள் அந்த அம்மா. "மயில் போட்டது. ஆர் தெரிஞ்செடுத்ததோ, நல்ல கண்."

"கடையிலை ஆரும் தெரிஞ்செடுத்திருப்பினம்."

அந்த அம்மா குடையை மடக்கினாள். பிறகு யாரும் எதிர்பாராத ஒரு வேலை செய்தாள். ஈர விரலால் துஷாந்தியின் நெற்றியைத் தொட்டு, தூறலில் கரைந்து மூக்குக்கு வழிந்த குங்குமத்தை ஓரம் துடைத்துச் சரிசெய்துவிட்டாள்.

"இதை மட்டும் அழிச்சுப்போடாதையும். ஆர் என்ன சொன்னாலும். நான் இஞ்சை வந்த முதல் வருசம் எல்லாரும் சேந்து சொல்லி, அந்தியேட்டி செய்து, நான் அழிச்சனான். அதுக்குப் பிறகு அவர் கனவிலையும் வாறேல்லைப் பிள்ளை."

"ஓம் அம்மா."

"நான்தான் அனுப்பிப்போட்டன் போலை."

கதவு திறந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். அந்த அம்மா அவசரமாக ஒரு பக்கம் ஒதுங்கி நின்றாள், கூறைப் பெட்டி தன்னில் படாமல்.

"அம்மா, உங்கடை மோன்ரை பேர் என்ன?" என்று துஷாந்தி கேட்டாள்.

"மதுஷன்."

அவர்கள் கார் து நோர் பக்கம் நடந்து போனார்கள். பெடியன் தாயின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு போனான்.

வள்ளிநாயகி வாசலுக்கு வந்தாள். முதல் கூறை விற்ற சந்தோசமும், கேட்கப் போகிற கேள்வியின் சங்கடமும் முகத்தில் ஒன்றாய்த் தெரிந்தன.

"கதவடிக்கு வந்தீர், எனக்கு உயிர் போட்டுது. சரி, அதை விடும். என்ன துஷா, ஏதும் முடிவெடுத்தீரே?"

"நான் காவிலையே நிக்கிறன் அக்கா."

"விசரே உமக்கு? எத்தினை வருசத்துக்கு?"

தெருவில் அடுத்த மாப்பிள்ளை பகுதி கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து வந்துகொண்டிருந்தது. வள்ளிநாயகி அவர்களைக் கண்டாள், துஷாந்தியைப் பார்த்தாள், தட்டுவதற்குக் குதிக்காலைத் தூக்கினாள். அது தரையில் படமுன்னரே துஷாந்தி பின்முற்றத்தால் போய்ப் படியில் இறங்கிவிட்டாள்.

அடுத்த நாள் காலையில் பிள்ளையார் படத்துக்குக் கீழே சுவிச்சைப் போட்டு, வழக்கம் போல, "கஜனைக் காப்பாத்து" என்றாள். கையை எடுக்கவில்லை. "மதுஷனையும்" என்றாள். பிறகு சீலைக்கட்டை அவிழ்த்தாள்.